பெருநாள் சட்டையோடு இறால் குளத்தில்

படித்து முடித்த புதிதில் மனிதனுக்குச் சுவிட்சுகள் மீது ஓர் இளக்காரம் வரும். எனக்கு அது முற்றிப்போயிருந்தது.

பாலாவிக்கு அப்பால், கடல்நீர்க் களப்போரத்தில், என் மூத்த சகோதரி ராத்தாவின் கணவர் வீட்டுக்குப் பின்னால் இறால் வளர்த்தார். இறாலுக்கு மூச்சு வேண்டும். குளத்துச் சக்கரங்கள் தண்ணீரை அடித்துக் காற்றூட்டும். அவற்றை ஓட்டவும் நிறுத்தவும் ஒரு சின்னக் கணினிப் பெட்டி செய்துகொடுத்தேன். காற்றளவு பார்க்கும் கருவி வீட்டு வைஃபை வழியாக அதற்குச் செய்தி அனுப்பும். மற்றச் செய்திகளைத் தள்ளிவிட ஒரு வடிகட்டி எழுதினேன். விதிக்குள் விதி, அதற்குள் இன்னொன்று. கம்பைலரும் மறுபேச்சில்லாமல் அதை அப்படியே இயந்திர மொழியாக்கியது. உள்விதியைப் பார்க்கப் போகும்போதெல்லாம் வெளிவிதியைப் பாதியில் ஓரமாக வைக்க வேண்டும். வைக்கிற இடத்துக்கு ஸ்டாக் என்று பெயர். அந்தக் கணினிச் சில்லில் அது உள்ளங்கையளவு. நான் எழுதியதற்கோ ஒரு கல்யாண மண்டபம் வேண்டும்.

"கையால போட ஒரு சுவிட்சும் வைங்க மச்சான்," என்றார் அவர்.

"மனுசன் கை வைக்கிறதாலதான் பிழையே வாறது," என்றேன்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மறுநாள் (பெருநாளன்றே என்று ராத்தா சாதிப்பாள், அன்று நாங்கள் வண்ணாத்திவில்லில் இருந்தோம்) எத்தாளையிலிருந்து வான் நிறையச் சொந்தக்காரர் விருந்துக்கு வந்தார்கள். கடைசி இனிப்பான வட்டிலப்பத்துக்கு முன்பே ராத்தா வைஃபை கடவுச்சொல்லைப் பரிமாறிவிட்டாள். கைபேசிகள் அனுப்பிய வகைவகையான செய்திகள் என் வடிகட்டியின் அடிவிதி வரை இறங்கின. ஸ்டாக் நிரம்பியது. பெட்டி மயங்கி எழுந்தது, மறுபடி மயங்கியது. சக்கரங்கள் நின்றன.

காற்றே இல்லாத, மேகம் மூடிய மப்பு மத்தியானம். இறால்கள் மூச்சுக்குத் தவித்து மேலே வரத் தொடங்கின.

"அல்லாஹ்வே, முழுப் போகமும் போகப் போகுது!" மச்சான் சாரனை மடித்துக் கட்டிக் குளத்தில் குதித்து, சோற்றுத் தட்டால் தண்ணீரை அடித்தார். பின்னாலேயே புதுச்சட்டை, தொப்பி சகிதம் விருந்தாளிகளும் இறங்கினார்கள். கரையில் நின்றவர்கள் அதைப் படம்பிடித்து உடனுக்குடன் அனுப்ப, பெட்டி இன்னும் வேகமாக மயங்கியது.

மடிக்கணினியை வெறித்துக்கொண்டிருந்த எனக்கு அப்போதுதான் உறைத்தது. "ஃபோனெல்லாம் அணைங்க!" என்று கத்தினேன்.

"இவன் ஏன் இப்ப ஃபோனோட கோவிக்கிறான்?" என்றார் பெரிய மாமா, இடுப்பளவு தண்ணீரில்.

ராத்தா மட்டும் காரணம் கேட்கவில்லை. கைபேசிகளைப் பறித்துப் பறித்து அணைத்தாள். சக்கரங்கள் சுழன்றன.

கரையோரம் கொஞ்சம் இறால் செத்தது; மீதி பிழைத்தது. பெரிய மாமா இப்போது இல்லை. அன்று கரையேறி, தண்ணீர் சொட்டச் சொட்ட, சோற்றைப் பிசைந்தபடி அவர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

பிறகு விதிகளைப் பிரித்து, ஒன்றன்பின் ஒன்றாக நேராக எழுதினேன். இன்று எத்தாளையே திரண்டு வந்தாலும் பெட்டி அசையாது. சொன்னால் யார் நம்புகிறார்கள்? போன பெருநாளிலும் ராத்தா ஒரு கூடையோடு வாசலில் நின்றாள்.

"ஃபோனை இதுல போடுங்க. தம்பிட பெட்டிக்குத் தலை சுத்தும்."

முதலில் என்னுடையதைத்தான் வாங்கிப் போட்டாள்.