மிளகாய்ச் செடியில் தொங்கிய கல்யாணம்

முதலில் என் கோழிக் கிறுக்கலையும் எழுத்துப் பிழைகளையும் பொறுத்துக்கொள்ளுங்கள். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவன். அதன் பிறகு தொழிற்சாலையில் ஃபோர்க்லிப்ட் ஓட்டியதுதான் அதிகம், பேனா பிடித்தது குறைவு.

எங்கள் கல்யாணம் மூன்று டிவிடிகளில் இருந்தது. மூன்றாவதில் என் மாமனார் பேசுவார். அவர் இறந்த பிறகு அவர் குரல் மிஞ்சியிருந்த ஒரே இடம் அதுதான். டிஸ்க்கில் பூஞ்சை பிடிப்பதை என் மனைவி ஸ்டெல்லா பார்த்துவிட்டாள்.

"அப்பா குரல் அழிஞ்சிடப் போவுதுங்க. யார்கிட்டயாச்சும் கேட்டு லேப்டாப்ல ஏத்துங்க."

கேட்பதா? (கடையில் பரோட்டா மாதிரியான ரொட்டி சானாய்க்கு இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்கவே எனக்கு நாக்கு எழும்பாது.) மகளிடமாவது கேட்டிருக்கலாம். தினமும் எல்லை தாண்டிச் சிங்கப்பூர் வேலைக்குப் போய்க் களைத்து வருகிறாளே என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன்.

டிவிடியை வீடியோவாக மாற்றும் மென்பொருள் ஒன்று இலவசமாகக் கிடைத்தது. முதல் ஞாயிறு படம் வந்தது, சத்தம் வரவில்லை. அடுத்த ஞாயிறு சத்தம் வந்தது, ஆனால் ஃபாதர் தென்னை மரம்போல் நீண்டு நின்று எங்களுக்குத் திருமணம் செய்துவைத்தார். மூன்றாம் ஞாயிறு எல்லாம் சரி. நடுநடுவே ஒரு பெட்டி எழுந்து ஆங்கிலத்தில் ஏதோ சொன்னது. மரியாதையாக 'ஓகே' அழுத்தினேன். ஒவ்வொன்றிலும் முதல் ஒரு நிமிடம் ஓட்டிப் பார்த்துத் திருப்தியடைந்தேன்.

அந்த மிதப்பில் பழைய டிஸ்க்குகளை நூலில் கோத்து, வீட்டின் பின்னால் மிளகாய்ச் செடிகளுக்கு மேல் தொங்கவிட்டேன், மைனாக்கள் மிரளட்டும் என்று. (மிரண்டன. அதில் மட்டும் எனக்கு வெற்றி.)

ஒரு மாதம் கழித்து மாமனாரின் நினைவு நாள். ஜெபம் முடிந்து இருபது பேர் உலு திராம் ஊரிலுள்ள எங்கள் வீட்டில் டிவி முன் உட்கார்ந்தார்கள். திரையில் மாமனார் மைக்கைப் பிடித்தார்.

"என் மருமகனப் பத்தி ஒன்னு சொல்லணும்..."

திரை கறுத்தது. ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது. மகள் படித்தாள்.

"டாடி, இது ட்ரையல் லா. அஞ்சு நிமிஷம்தான் மாத்தும். மிச்சத்துக்குக் காசு கட்டணும்."

"அலமாக், மச்சான்," என்று தலையில் கைவைத்தார் ஸ்டெல்லாவின் அண்ணன். "உங்களப் பத்திப் பேச எங்கப்பாவுக்குக் காசு கட்டணுமா?"

எல்லாரும் சிரித்தார்கள், ஸ்டெல்லாவைத் தவிர. "ஒரிஜினல் எங்கங்க?" என்றாள். நான் சமையலறை ஜன்னலைக் காட்டினேன்.

இருபது பேரும் என் பின்னால் வந்தார்கள். இரண்டு டிஸ்க்குகள் வெயிலில் உரிந்துபோயிருந்தன. மூன்றாவது கறிவேப்பிலை நிழலில், மைனா எச்சத்தோடு தப்பியிருந்தது. ஸ்டெல்லா அதைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்தாள். மகள் அதை லேப்டாப்பில் போட்டாள். திக்கித் திக்கி மாமனார் மறுபடி வந்தார்.

"என் மருமகனப் பத்தி ஒன்னு சொல்லணும். அதிகம் பேச மாட்டாரு. ஆனா அவரு கையில எதக் கொடுத்தாலும் பத்திரமா வெச்சிருப்பாரு."

முதலில் சிரித்தது ஸ்டெல்லாதான், கண்ணைத் துடைத்துக்கொண்டே. அப்புறம் வீடே அதிர்ந்தது.

இன்றும் கார் சாவியானாலும் கறிப் பொட்டலமானாலும், "பத்திரமா வெச்சிருப்பாரு" என்று சொல்லித்தான் என்னிடம் கொடுக்கிறார்கள். முக்கியமானதை ஸ்டெல்லாவிடம் கொடுத்துவிடுகிறார்கள்.

எழுதி முடித்தது: 3 நவம்பர் 2024, ஞாயிறு.