கங்காணியாரின் பூனைப் பெரட்டு

மாத்தளை மாவட்டத்திலேயே பூனைகளை வரிசையில் நிற்க வைத்தவர் ஒருவர்தான். உக்குவளையில் நான் எடை பார்த்த மிளகு ஸ்டோரின் காவலாளி அவர். தேயிலைத் தோட்டத்தில் ஆட்களை மேற்பார்க்கும் கங்காணியாக இருந்து ஓய்வு பெற்றவர் என்பதால் எல்லோருக்கும் கங்காணியார்.

தோட்டத்தில் விடியலில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிப்பதற்குப் பெரட்டு என்று பெயர். ஸ்டோரில் எலி பிடிக்க இருந்த பதினொரு பூனைகளுக்கும் அவர் அதை நடத்தினார். காலை ஆறரைக்குத் தகரத்தைத் தட்டுவார். பூனைகள் மிளகு மூட்டைகளிலிருந்து இறங்கி வரும். ஒவ்வொன்றின் முகத்தையும் தோள்துண்டால் துடைத்த பிறகே நெத்தலி. பிந்தி வந்தால் பாதிதான்.

"அரைநாள் வந்தா அரைப்பேருதான், பாதிச் சம்பளந்தான் தம்பி. எனக்கும் அப்படித்தான் போட்டாங்க."

ஒருநாள் ஸ்டோர் முதலாளி வரிசைக்குக் குறுக்கே நடந்துவிட்டார். பெரட்டு முடியும்வரை ஓரமாக நிற்கச் சொன்னார் கங்காணியார். முதலாளி நின்றார்.

மார்கழி மழையில் வெள்ளச்சி என்ற பூனை தும்மியது. மிளகுத் தூசி என்று நினைத்தோம். ஒரு வாரத்தில் எட்டுப் பூனைகளுக்குக் கண்ணும் மூக்கும் ஒழுகின. கங்காணியார் பெரட்டை இரண்டு வேளையாக்கினார்; இரண்டு வேளையும் துடைத்தார். மற்ற மூன்றும் நோயில் விழுந்தன. வெள்ளச்சி தீனியைத் தொடவில்லை. ஞாயிறுக்குள் தேறாவிட்டால் எல்லாவற்றையும் சாக்கில் கட்டிக் கலேவெலச் சந்தையில் விடப்போவதாக முதலாளி சொன்னார்.

கங்காணியார் வரவழைத்த மிருக வைத்தியர் இளம்பெண். பூனைகளைப் பார்த்தார், பிறகு துண்டைப் பார்த்தார்.

"கூட்டமா இருக்கிற பூனைகளுக்கு இந்த வைரஸ் சர்வசாதாரணம் ஐயா. சுகமான பூனைகிட்டயும் ஒளிஞ்சிருக்கும். ஆனா இங்க வீடுவீடாக் கொண்டுபோய்க் குடுத்தது உங்க துண்டுதான்."

"பெரட்டு இல்லாம யாருக்கு நோவுன்னு எப்படிங்க டாக்டரம்மா தெரியும்?"

"அவங்க உங்ககிட்ட வர வேணாம். நீங்க ஒவ்வொருத்தர்கிட்டயும் போங்க."

மறுநாள் தகரம் ஒலிக்கவில்லை. கங்காணியார் தேர்த் திருவிழாவுக்கென்று வைத்திருந்த வேட்டியைப் பதினொரு துண்டாகக் கிழித்திருந்தார். பதினொரு சிரட்டைகள், பதினொரு மூலைகள். ஒவ்வொன்றுக்கும் மருந்து கொடுத்தபின் சவர்க்காரம் போட்டுக் கை கழுவினார்.

ஞாயிறு காலை முதலாளி சாக்குகளோடு வந்தார். பத்துப் பூனைகள் தின்றுகொண்டிருந்தன. அவர் வெள்ளச்சியின் பக்கம் குனிந்தார்.

"கையக் கழுவிட்டு வாங்க மொதலாளி" என்றார் கங்காணியார். முதலாளி சாக்குகளைக் கீழே போட்டுவிட்டுக் குழாயடிக்குப் போனார்.

அவர் திரும்புவதற்குள் வெள்ளச்சி ஒரு நெத்தலியை நக்கி, மென்று, விழுங்கியது. முதலாளி வெறும் சாக்குகளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். தோட்டத்தில் நானூறு பேரை அதட்டி வேலை வாங்கியது கங்காணியாரின் தொண்டை. "இன்னும் ஒன்னு சாப்புடு கண்ணு" என்று அது கெஞ்சியதை அன்றுதான் கேட்டேன்.