படுக்கையறைப் பெட்டி இணைந்தது

அன்பும் மரியாதையும் மிக்க மாப்பிள்ளை அவர்களுக்கு, மாமனார் எழுதுவது.

நீங்களும் என் மகளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்ற தைரியத்தில் ஆரம்பிக்கிறேன். இங்கே உங்கள் அத்தை நலம். நானும் நலம் என்று எழுதினால் பொய்யாகிவிடும், நலமில்லை என்று எழுதினால் நீங்கள் பதறிவிடுவீர்கள். ஆகவே உயிரோடு இருக்கிறேன் என்று மட்டும் எழுதுகிறேன். போனில் சொல்லலாமே என்பீர்கள். போனை உங்கள் மனைவிதான் எடுக்கிறாள். “அந்தக் கருவி” என்று நான் வாயெடுத்ததுமே சிரிக்க ஆரம்பித்துவிடுகிறாள். சிரிக்கிற பிள்ளையிடம் பயத்தைச் சொல்வது எப்படி?

விஷயத்துக்கு வருகிறேன். போன விடுமுறையில் வந்தபோது, டிவியின் டிஷ் பெட்டிக்கு நெட் கொடுத்துவிட்டால் அத்தை தவறவிட்ட தொடரையெல்லாம் திரும்பப் பார்க்கலாம் என்றீர்கள். அதற்காக வீடு நெடுக வயர் இழுக்க வேண்டாம், சுவருக்குள் ஓடுகிற கரண்ட் வயரிலேயே நெட்டையும் அனுப்பிவிடலாம் என்று சொல்லி, சோப்புக்கட்டி அளவில் இரண்டு வெள்ளைக் கருவிகளைக் கொண்டுவந்து, ஒன்றை முன்னறையில் மோடத்துக்குப் பக்கத்துப் பிளக்கிலும் மற்றதைக் கூடத்தில் டிவிக்குப் பின்னாலும் செருகினீர்கள். பச்சை விளக்கு எரிந்தது. நீங்களும் ஊருக்குக் கிளம்பிவிட்டீர்கள். இதைக் குறையாகச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். மாப்பிள்ளையைக் குறை சொல்லும் பழக்கம் எனக்குக் கிடையாது. உங்கள் அத்தைக்கு உண்டு, ஆனால் அதை நான் காதில் போட்டுக்கொள்வதில்லை. இருந்தாலும், காப்பீட்டு நிறுவனத்தின் தீ விபத்துப் பிரிவில் வேலை பார்த்தவன் நான். எரிந்த வீடுகளுக்குள் மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு நுழைந்து, தீ எங்கே பிடித்தது என்று பார்த்து எழுதியே தலை நரைத்தவன். எத்தனை வீடுகளில் ஒரு கருகிய பிளக் பாயிண்டின் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன்! அப்படிப்பட்டவன் வீட்டுச் சுவருக்குள் கரண்டோடு இன்னொன்றும் ஓடுகிறது என்றால் தூக்கம் எப்படி வரும்? கருவியைத் தொட்டுப் பார்த்தேன், காய்ச்சல் கண்ட பிள்ளையின் நெற்றி மாதிரி இளஞ்சூடாக இருந்தது. மிக்சி ஓடினால் பச்சை விளக்கு சிவப்பாகிறது. “மிக்சிய நிறுத்து, அதுக்குப் பிடிக்கலை” என்று கத்தினேன். “எனக்குக்கூடத்தான் நிறையப் பிடிக்கலை, யாரு நிறுத்தினா?” என்று அத்தை அரைத்துக்கொண்டே இருந்தாள்.

இதெல்லாம் பொறுத்துக்கொள்ளக்கூடிய பயம். பொறுக்க முடியாதது அதற்குப் பிறகுதான் வந்தது. ஒருநாள் மத்தியானம் டிவியைப் போட்டேன். திரையின் மூலையில் எழுத்து வந்தது: “படுக்கையறைப் பெட்டி இணைந்தது.” மாப்பிள்ளை, எங்கள் படுக்கையறையில் பெட்டி கிடையாது. டிவியே கிடையாது. ஒரு கட்டில், ஒரு அலமாரி, உங்கள் கல்யாணப் போட்டோ, அவ்வளவுதான். துடைப்பக்கட்டையை எடுத்துக்கொண்டு போய்க் கட்டிலுக்கு அடியில் விட்டுத் துழாவினேன். அலமாரிக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தேன். திரும்பி வந்தால், நாங்கள் பதிவு செய்து வைத்திருந்த நிகழ்ச்சிகளோடு நாங்கள் பதிவே செய்யாதவையும் வரிசையாக நிற்கின்றன. எல்லாம் குஸ்தி. நடுவில் பாம்புகளைப் பற்றி ஒன்று. எவனோ எங்கள் படுக்கையறையில், கண்ணுக்குத் தெரியாமல் உட்கார்ந்து குஸ்தி பார்க்கிறான்! உங்கள் அத்தை நிதானமாக, “குஸ்தி பாக்கிற பேயை நான் கேள்விப்பட்டதில்லைங்க” என்றாள். கேள்விப்படாததால்தானே பயமாக இருக்கிறது? அன்றுமுதல் படுக்கையைக் கூடத்தில் போட்டுக்கொண்டேன். அங்கே போனால் டிவிக்குப் பின்னால் அந்தக் கருவி. எங்கே படுத்தாலும் ஒரு ஆபத்து.

கடைசியில் ஒரு வேகத்தில் ரிமோட்டை எடுத்து அந்தக் குஸ்திகளில் ஒன்றை அழித்தேன். அழித்த மறுவிநாடி, கூடத்துச் சுவருக்குள்ளிருந்து ஒரு குரல்: “அடப்பாவி! எவன்டா அழிச்சது? பாதிதான்டா பாத்தேன்!”

ரிமோட் எங்கே விழுந்தது என்று தெரியவில்லை. ஆனால் குரல் தெரிந்தது. என் அண்ணன். உங்களுக்குப் பெரிய மாமா. நீங்கள் அவரைக் கல்யாணத்தில் தூரத்திலிருந்து பார்த்திருப்பீர்கள். இந்த வீடும் பக்கத்து வீடும் ஒரே வீடாக இருந்தவை. எங்கள் அப்பாவுக்குப் பிறகு நடுவில் சுவர் எழுப்பி ஆளுக்குப் பாதியாக்கிக்கொண்டோம். தண்ணீர்த் தொட்டி யார் பக்கம் வர வேண்டும் என்பதில் பேச்சு தடித்து, அதோடு பேச்சே நின்றுவிட்டது. அண்ணி போன பிறகு அங்கே அவர் தனியாள். மகன் வெளிநாட்டில். உங்கள் மனைவிக்குப் போன் போட்டோம். சிரித்து முடித்துவிட்டு அவள் சொன்னது: பெரியப்பா வீட்டுப் படுக்கையறையிலும் அதே கம்பெனி டிஷ் பெட்டி, மகன் வந்தபோது வாங்கிக் கொடுத்த அதே கருவி. சுவர் எழுப்பினவர்கள் வயரைப் பிரிக்கவில்லை; அதனால் இரண்டு பெட்டியும் தாங்கள் ஒரே வீட்டில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கின்றன. “கருவியில ஒரு பட்டன் இருக்குப்பா. அதை அமுக்கினா நம்ம வீடு தனியாயிடும். இவரு அமுக்க மறந்துட்டாரு.” மறந்தீர்கள் என்று நான் சொல்லவில்லை மாப்பிள்ளை, உங்கள் மனைவி சொன்னது.

பட்டனை நானே அமுக்கியிருக்கலாம். பயம். சூடாக இருக்கிற ஒன்றை ஏன் அமுக்க வேண்டும்? அப்படியே விட்டுவிட்டேன். விட்டதில் ஒரு பழக்கம் தொற்றிக்கொண்டது. காலையில் காபி குடித்ததும் டிவியைப் போட்டு, படுக்கையறைப் பெட்டி இருக்கிறதா என்று பார்ப்பேன். நேற்றுப் பதிவான குஸ்தியைப் பார்த்தாயிற்று என்று குறி விழுந்திருக்கும். சரி, ஆள் நன்றாகத்தான் இருக்கிறார். அவரும் சும்மா இருக்கவில்லை. அத்தையின் தொடரை அவளுக்கு முன்னால் பார்த்து முடித்துவிடுவார். “இந்த வயசுல மனுஷனுக்கு மாமியார் மருமகள் சண்டை எதுக்கு?” என்று அவள் சுவரைப் பார்த்துக் கேட்பாள். சுவர் பதில் சொல்லாது, ஆனால் லேசாக இருமும்.

அப்புறம் ஒருநாள் குறி விழவில்லை. முந்தின நாள்தான் குஸ்தியின் இறுதிப் போட்டி. அதைப் பார்க்காமல் இருக்கிற ஆள் இல்லை அவர். மத்தியானமும் பார்த்தேன், விழவில்லை. சுவரில் காதை வைத்தேன். சத்தமே இல்லை.

“போய்ப் பாருங்களேன்” என்றாள் அத்தை.

“பேச்சுவார்த்தை இல்லாத வீட்டுக்கு எப்படிடி போறது?”

“பேச வேணாம். பாத்துட்டு வாங்க.”

வாசல் கதவு உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. தட்டினேன், பதிலில்லை. கொல்லையில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, அத்தை பிடித்துக்கொள்ள, எந்தச் சுவரை நாங்கள் எழுப்பினோமோ அதன் மேல் ஏறினேன். மேலே உட்கார்ந்தபோது இறங்கவும் பயம், திரும்பவும் பயம். “நான் வேணா போகட்டுமா?” என்று அவள் கேட்ட கேள்விதான் என்னை அந்தப் பக்கம் தள்ளியது. பின்கதவு திறந்திருந்தது. படுக்கையறையில் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே அண்ணன் தரையில் கிடந்தார், ஒரு கை பிளக் பாயிண்ட் பக்கமாக நீண்டிருக்க, தலைமாட்டில் அந்த வெள்ளைக் கருவி பச்சையாக எரிந்துகொண்டிருக்க.

எனக்கு எல்லாம் முடிந்துபோனது மாதிரி இருந்தது. கரண்ட் அடித்துக் கிடப்பவரைத் தொட்டால் தொட்டவனுக்கும் அதே கதிதான். எத்தனை வீடுகளில் எழுதியிருக்கிறேன். மீட்டர் பெட்டிக்கு ஓடி மெயினை இறக்கிவிட்டு, “அண்ணே, அண்ணே” என்று அழுதுகொண்டே வந்து அவர் தோளைத் தொட்டேன். கண்ணைத் திறந்தார்.

“எதுக்குடா கரண்ட்டை நிறுத்தின? ஃபேன் ஓடிக்கிட்டிருந்துச்சுல்ல?”

காலையில் கட்டிலிலிருந்து இறங்கும்போது கால் பிசகி விழுந்திருக்கிறார். போன் எட்டாத இடத்தில் மேஜை மேல். கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை வற்றி, அப்படியே அசந்துவிட்டார். எங்கள் மிக்சி இரைச்சலில் அது காதில் விழவில்லை. தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு, “இறுதிப் போட்டி பாத்துட்டியா? யாரு ஜெயிச்சான்னு சொல்லிடாத” என்றார். இத்தனை வருஷத்துக்குப் பிறகு எங்கள் பேச்சுவார்த்தை இப்படித்தான் தொடங்கியது. ஆஸ்பத்திரியில் எலும்பில் கீறல் என்று மாவுக்கட்டுப் போட்டார்கள். சாப்பாடு இப்போது என்னோடு சுவர் மேலாகப் போகிறது. காலிப் பாத்திரம் புகாரோடு திரும்பி வருகிறது. அவருக்கு உப்பு போதவில்லையாம்.

இவ்வளவும் நல்லபடியாக முடிந்துவிட்டதே, பிறகு என்ன பயம் என்று கேட்பீர்கள். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். முன்பெல்லாம் சுவருக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறதென்று எனக்குத் தெரியாது, நிம்மதியாகச் சாப்பிட்டேன், தூங்கினேன். இப்போது மிக்சி ஓடி விளக்கு சிவப்பானால்கூட அண்ணனுக்கு ஏதோ ஆகிவிட்டதென்று சுவரில் காதை வைக்கிறேன். அவர் பிந்தி எழுந்தால் எனக்கு இங்கே காபி இறங்குவதில்லை. வீடு எரிவதைப் பற்றி மட்டும் பயந்துகொண்டிருந்தவனுக்கு இப்போது அது ஒரு பயமாகவே தெரியவில்லை. என் வயதில் இத்தனை பயத்துக்கு நெஞ்சில் இடமில்லை மாப்பிள்ளை. ஆகவே அடுத்த விடுமுறையில் தயவுசெய்து வந்து, இரண்டு கருவிகளையும் பிடுங்கி எடுத்துக்கொண்டு போய்விடுங்கள். அத்தையை நான் சமாளித்துக்கொள்கிறேன்.

உங்கள் இருவருக்கும் ஒரு குறையும் வராமல், நோய்நொடி அண்டாமல், வீட்டில் சிரிப்புச் சத்தம் ஓயாமல் இருக்க எங்கள் ஆசீர்வாதம். உங்கள் அம்மா அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
அன்புள்ள மாமனார்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் திரையில் “படுக்கையறைப் பெட்டி துண்டிக்கப்பட்டது” என்று வந்தது. எப்படி ஓடினேன் என்று எனக்கே தெரியாது. போனால் அண்ணன் மாவுக்கட்டுக் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறார், கருவி அவர் மடியில் கிடக்கிறது. “நான்தான்டா பிடுங்கினேன். நீ ஒரு வேளை டிவி போடலைன்னாலும் எனக்கு நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது. இந்த வம்பே வேணாம்” என்றார். அதை வாங்கி என் கையாலேயே பிளக்கில் செருகினேன். பச்சை எரிகிறவரை இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஆகவே, மேலே எழுதியதை விட்டுவிடுங்கள். எதையும் பிடுங்க வர வேண்டாம். சும்மா வந்து போங்கள்.