லொறிக்கு மேசு

தனியாக வாழ்கிறவன் அந்நிய மொழியில் மிக விரைவாகக் கற்றுக்கொள்ளும் சொல் 'ஆம்'. அதைச் சொன்னால் எதிரில் இருப்பவர் பேச்சை முடித்துக்கொள்வார். டேனிஷில் அது 'யா'. டென்மார்க்கில் என் முதல் குளிர்காலத்தை அந்த ஓரெழுத்தால்தான் ஓட்டினேன்.

போரின் கடைசி மாதங்கள் அவை. யாழ்ப்பாணத்துப் பத்திரிகை ஒன்றில் அச்சுப்பிழை திருத்திக்கொண்டிருந்தவன், அங்கே வைலே நகரில் லொறி ஓட்டினேன். அறையில் ஒரு கட்டில், ஒரு கதிரை. பேச ஆளில்லை. (வானொலியோடு பேசியதைக் கணக்கில் சேர்க்கவில்லை.) வன்னிக்குள் அகப்பட்டிருந்த என் தங்கை வதனி வவுனியா முகாமுக்கு வந்துவிட்டதாக ஒருநாள் செய்தி வந்தது. மறுநாள் காலை யாரோ ஒருவருடைய போனிலிருந்து எனக்கு எடுப்பாளாம். ஒரு தடவைதான் கிடைக்குமாம். என் போனில் வேறு யாரோடும் பேசாமல் இருக்கச் சொன்னார்கள்.

அந்தக் காலை பார்த்துப் பனி கொட்டியது. சில்க்போர்க் நகரத்துக் கடையொன்றுக்கு இரட்டைக் கட்டில் மெத்தைகளை ஏற்றிக்கொண்டு புறப்பட்டேன். போன் அடித்தது. பாய்ந்து எடுத்தேன். முதலாளி இயென்ஸ்.

"சொக்கர் போட்டாயா?"

டேனிஷில் சொக்கர் என்றால் காலுறை. எங்கள் பேச்சில் மேசு. (சிவபெருமான் மன்னிக்க.) குனிந்து பார்த்தேன். கம்பளி மேசு, ஒன்றின்மேல் ஒன்றாக. என் கால் குளிரைப் பற்றி அதுவரை ஒருவரும் விசாரித்ததில்லை. கண் கலங்கிவிட்டது.

"யா, யா" என்று வெட்டினேன். திரும்பவும் அடித்தது.

"இரண்டு பக்கமும்?"

ஒற்றைக் காலில் மேசு போடுகிற ஆளாகவா தெரிகிறேன்? "யா!"

தட்டையான டென்மார்க்கில் ஏற்றம் என்று சொல்லத்தக்கது வைலேயில் இருக்கிறது. பாதி ஏறியதும் சில்லுகள் நின்ற இடத்திலேயே சுழன்றன. லொறி பின்னால் வழுக்கி, தெருவை அடைத்துக்கொண்டு குறுக்கே படுத்த மாடுபோல நின்றது. பின்னால் ஹோர்ன் சத்தம்.

முதியோரை வீடுவீடாகப் பராமரிக்கும் சீருடையில் ஒரு பெண் வந்து கண்ணாடியைத் தட்டினாள்.

"தமிழே அண்ணை?"

"ஓம்."

"றோட்டை வாங்கிட்டியளோ? அங்க கிழவர் மருந்துக்குப் பாத்துக்கொண்டிருக்கிறார்."

போன் அடித்தது. இயென்ஸ். அவளிடமே நீட்டினேன்.

"கெதியாக் கதைச்சு வையுங்கோ பிள்ளை. என்ர தங்கச்சி முகாமிலயிருந்து எடுப்பாள்."

இயென்ஸ் சொன்னதைக் கேட்டாள். என் கால்களைப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டு போனைத் திருப்பித் தந்தாள்.

"அண்ணை, மேசு உங்கட காலுக்கில்லை. லொறியின்ர காலுக்கு!"

சீட்டுக்குப் பின்னால் மஞ்சள் பை ஒன்று இருந்தது. நான் அதைத் தலையணையாக வைத்துத் தூங்குவது வழக்கம். உள்ளே தடித்த துணி உறைகள். சங்கிலிக்குப் பதிலாக டயரில் மாட்டினால், பனியைப் பிடித்துக்கொண்டு ஏறுமாம். மேல்பாதிக்கு மாட்டி, லொறியைச் சற்று உருட்டி, மிச்சத்தை இழுத்துவிட வேண்டும். பனியில் முழந்தாளிட்டு அந்த மிச்சத்தை இழுத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"அண்ணா?"

கேட்பதற்கென்று சேர்த்து வைத்திருந்தவை எல்லாம் மறந்துபோயின.

"என்னண்ணா செய்யிறியள்?"

"லொறிக்கு மேசு போடுறன்."



"ஏன், அதுக்குக் குளிருதாமோ?"

சிரித்தாள். இருமி இருமிச் சிரித்தாள். அங்கே யாரோ போனைத் திருப்பிக் கேட்டார்கள். லைன் அறுந்தது.

சாப்பிட்டாயா என்றுகூட நான் கேட்கவில்லை. லொறி ஏறிவிட்டது. அந்தப் பெண்ணும் கையசைத்துவிட்டுப் போய்விட்டாள். அதன்பின் மாதக்கணக்கில் வதனியிடமிருந்து அழைப்பே இல்லை. போர் முடிந்தது என்று வானொலி சொன்ன நாளிலும், அவளுடையதென்று என்னிடம் இருந்தது அந்தச் சிரிப்பு மட்டும்தான்.

வதனி இப்போது மன்னாரில் இருக்கிறாள். அவளுடைய பிள்ளைகளுக்கு நான் 'மேசு மாமா'. இங்கே பனி விழுந்த செய்தி கேட்டால் உடனே எடுப்பாள்.

"லொறிக்குக் குளிருதாமோ?"

"ஓம் பிள்ளை" என்பேன். அதன்பிறகு, அவளாக வைக்கும்வரை நான் போனை வைப்பதில்லை.