முந்தைய சொந்தக்காரரின் பல்

மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர் மூன்று வருஷமாக ஒரே ஒரு வாக்கைக் காப்பாற்றி வந்தார். புகைக்குழாய்களை வாங்குவார், அடுக்குவார், பார்ப்பார், பற்றவைக்க மாட்டார். இருமல் வந்தபோது மனைவி போட்ட ஒப்பந்தம் இது. ஒரு இழுப்பு இழுத்தாலும் அலமாரி மொத்தமும் பழைய சாமான் கடைக்குப் போய்விடும்.

அலமாரியில் பதினோரு குழாய்கள் இருந்தன. எல்லாம் தாத்தா வயசு. பகலில் வீட்டில் ஆள் இல்லாததால் பார்சல்கள் மனைவி வேலை பார்க்கும் பல் செட் லேபுக்குத்தான் வரும். அவள் பிரித்துப் பார்த்து, சாயங்காலம் பத்திரமாகக் கொண்டுவந்து கொடுப்பாள். இப்படி ஒரு மனைவி யாருக்கு வாய்க்கும் என்று அவர் நண்பர்களிடம் பெருமை அடித்ததுண்டு.

பன்னிரண்டாவது குழாய் வந்ததும் புத்தி பிசகியது. கறுப்புத் தண்டு, வழவழப்பான கிண்ணம். மறுநாள் புதன்கிழமை, கடைக்கு அரைநாள் விடுமுறை. ஒரே ஒரு தடவை என்று மனசுக்குச் சமாதானம் சொல்லி, குழாயைப் பைக்குள் போட்டுக்கொண்டு கடைக்குப் போனார். மதியம் கதவைச் சாத்திவிட்டு வாயில் கவ்வினார்.

கிண்ணம் கீழே போனது, அவருடைய பல் செட் மேலே வந்தது. நேர்த்தண்டின் கனம் அப்படி. வாய்க்குள் ஏற்ற இறக்கப் பலகை ஆட்டமே நடந்தது.

குழாய் சேர்ப்பவர்களுக்கு ஒரு சட்டம் உண்டு. தண்டில் மட்டும் கை வைக்கக் கூடாது. அரம் பட்டாலும் வளைத்தாலும் மதிப்பு பாதாளத்துக்குப் போய்விடும். இதை ஊருக்கெல்லாம் உபதேசித்தவர் இவர்தான். ஆனால் எதிரே, கண்ணாடிக் காதுகளை வளைக்கும் சூட்டுத் தட்டு சும்மா உட்கார்ந்திருந்தது. ஆசை வெட்கம் அறியாது. தண்டைச் சுடவைத்து அழகாக வளைத்தார். பல் பிடிக்க நுனியில் சின்னதாக ஒரு பள்ளமும் ராவினார். இப்போது வாயில் கச்சிதமாக உட்கார்ந்தது.

பற்றவைத்தார். இழுத்தார். ஒன்றும் வரவில்லை. கன்னம் இரண்டும் ஒட்டிக்கொள்ள இழுத்தார். பல்தான் தண்டில் பதிந்தது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பது இதுதான் போலும்.

வளைக்கும்போது உள்ளே கம்பி விட மறந்ததால் துளை நசுங்கிவிட்டது என்று தன்னையே திட்டிக்கொண்டு, மெல்லிய கம்பியை விட்டுக் குத்தினார். ஒரு விரற்கடை போனதும் முட்டியது. திரும்ப எடுத்தபோது நுனியில் ஒரு பொடி ஒட்டியிருந்தது. இளஞ்சிவப்பு.

அந்த நிறத்தை அவர் தினமும் காலையில் டம்ளருக்குள் பார்க்கிறார். அவருடைய பல் செட்டின் ஈறு அதே சிவப்புதான். செய்தவள் அவர் மனைவி.

திருடனுக்குத் தேள் கொட்டினால் வாயை மூடிக்கொண்டு பொறுத்துக்கொள்ள வேண்டும். இவர் வீட்டுக்கு வந்து கத்தினார்.

"நீ என்ன காரியம் பண்ணியிருக்க? இவ்ளோ பழைய பொருள், அதோட தண்டுக்குள்ள கண்டதையும் போட்டு அடைச்சிருக்க."

அவள் கைப்பையை மாட்டிவிட்டு நிதானமாகத் திரும்பினாள். "ஆமா. அடைச்சிருக்கறது உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"பாத்தேன்."

"ஒரு விரக்கடை உள்ளயா?"

"கம்பி விட்டுத் துடைச்சேன். சுத்தமா வச்சுக்க வேண்டாமா?"

"வேணும்தான். துடைச்சா தண்டு வளையுமா?"

"அதுவா. அது முன்னாடி வச்சிருந்தவர் பண்ணின வேலை."

"நேத்து நான் பிரிச்சப்போ நேராதானே இருந்துது?"

"உனக்குக் கண்ணாடி மாத்தணும். நாளைக்குக் கடைக்கு வா, பாத்துடலாம்."

"வர்றேன்." குழாயை வாங்கி ஜன்னல் பக்கம் கொண்டுபோய், நுனியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இது யாரு பல்லு?"

"அவரோடதுதான். முன்னாடி வச்சிருந்தவர்."

"பாவம், அவரும் எங்க லேப்லதான் பல்லு கட்டினாரா?"

அவர் கையால் வாயை மூடிக்கொண்டார்.

"உங்க சொந்தப் பல்லுல ஒண்ணு இடது பக்கம் லேசா சாஞ்சு இருக்கும். சிரிச்சா அதுதான் அழகுன்னு, செட்லயும் அந்தப் பல்லை நான் சாய்ச்சே வச்சேன். இதோ, அந்தச் சாய்வு அப்படியே பதிஞ்சிருக்கு."

கையும் களவுமாக என்பார்கள். பல்லும் களவுமாக மாட்டிக்கொண்டவர் இவர் ஒருவராகத்தான் இருக்கும். வெட்கமாக இருந்தது. அந்தச் சாய்வை அவள் இத்தனை நாள் நினைவு வைத்திருந்தாளே என்று உள்ளுக்குள் கொஞ்சம் குளிரவும் செய்தது. ஆனால் அவள் அலமாரியைத் திறந்ததும் பின்னாலேயே ஓடினார்.

"எல்லாத்தையும் கடைல போடப் போறியா?"

"எதுக்கு? ஆசைப்பட்டு வாங்கினது, இருந்துட்டுப் போகட்டும்." வளைந்த குழாயைத் துடைத்து, பதினொன்றுக்குப் பக்கத்தில் வைத்தாள். "எப்படியும் பன்னெண்டும் அடைச்சதுதானே."

"பன்னெண்டுமா?"

"ஒவ்வொண்ணும் லேபுக்கு வந்த அன்னைக்கே. செட்டுக்கு ஈறு பண்றதுல மிச்சம் விழற மாவு எப்பவும் கொஞ்சம் இருக்கும்."

அலமாரி தப்பியது. நிம்மதியடைந்தவருக்கு அடுத்த நொடியே ரோஷம் வந்தது. மூன்று வருஷம். ஆசையைக் கட்டிப்போட்டு அவர் காத்த விரதம். அதற்கு ஒரு மரியாதை வேண்டாமா?

"இத்தனை நாள் நான் வாக்கைக் காப்பாத்தினேனே," என்றார் தழுதழுத்து. "உனக்கு என்மேல நம்பிக்கையே இல்லையா?"

அவள் நிஜமாகவே வருத்தப்பட்டு, பக்கத்தில் வந்து அவர் சட்டைக் காலரைச் சரிசெய்தாள்.

"நம்பிக்கை இல்லாமலா? மூணு வருஷத்துல ஒரு நாளாவது உங்க வாயை மோந்து பாத்திருக்கேனா?"