பிரிக்காத பரிசு போட்ட கூச்சல்

நோர்ட்லி,
நவம்பர் 9

அன்புள்ள குன்வோர் அக்காவுக்கு,

நான் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய். அடுத்தவரைத் திருத்துகிறவர்களுக்கு உடம்புக்கு எதுவும் வருவதில்லை. அத்தானுக்கு என் வணக்கம். ஏழு வருடம் கழித்து எழுதுவது சமாதானத்துக்கு அல்ல, புகார் சொல்ல. அப்பாவை அடக்கம் செய்த அன்று, காப்பி மேசையில் அத்தனை பேர் முன்னால், "இவன் ஈர விறகை எரிச்சே ஒருநாள் செத்துக் கிடப்பான்" என்று சொன்னவள் நீ. நான் மறக்கவில்லை.

போன ஞாயிறு மத்தியானம், வெளியே காற்றே இல்லை, ஒரே மூடுபனி, நான் அடுப்பில் ஸ்ப்ரூஸ் கட்டைகளைப் போட்டு, சீக்கிரம் எரிந்து தீராமலிருக்கக் காற்றுத் துவாரத்தை மூடிவிட்டு, விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். தலை வலித்தது. பையன்களின் உரைநடைதான் காரணம் என்று நினைத்தேன். அப்போது படுக்கையறையில் ஏதோ கீச்சென்று கத்தத் தொடங்கியது, நிறுத்துவேனா என்றது, தள்ளாடிப் போய்ப் பார்த்தால் சத்தம் காலுறை இழுப்பறைக்குள்ளிருந்து! போன கிறிஸ்துமஸுக்கு நீ அனுப்பி, நான் வீம்பாகப் பிரிக்காமல் வைத்த பொட்டலம், சிவப்புக் காகிதத்துக்குள்ளிருந்து உன்னை மாதிரியே கத்துகிறது. கிழித்தேன். நச்சுப்புகை அலாரம். கூடவே உன் கையெழுத்து: "நீ பிரிக்க மாட்டேன்னு தெரியும். அதான் ஆன் பண்ணியே அனுப்புறேன். இது கத்தினா பதில் பேசிக்கிட்டு நிக்காத, வெளிய ஓடு."

ஓடினேன். வெளியே நின்று தீயணைப்புக்குப் போன் செய்தேன். வண்டியில் வந்திறங்கியவள் புகைபோக்கி துடைக்கும் டூரிட், என் பழைய மாணவி. இரண்டு வருடமாக அவளால் என் கூரையில் ஏற முடியவில்லை. கூரை ஏணியைச் சரிசெய்யச் சொல்லித் தீயணைப்புத் துறையிலிருந்து வந்த கடிதத்தில் என் பெயரை 'டோர்கர்' என்று தப்பாக எழுதியிருந்தார்கள். அந்த டோர்கரே வந்து சரிசெய்யட்டும் என்று விட்டுவிட்டேன். அடுப்பு ஆறியதும் புகைபோக்கியின் கரி எடுக்கும் கதவுக்குள் கண்ணாடியை நீட்டிப் பார்த்தாள்.

"வாத்தியாரே, உள்ள தார் ரோடே போட்டு வெச்சிருக்கீங்க. புகை போக வழியே இல்ல. விறகு எப்ப வெட்டினது?"

"ஆகஸ்ட்ல."

"எந்த வருஷத்து ஆகஸ்ட்?"

"இந்த வருஷந்தான்."

"வெளங்கிடும். அலாரத்த எங்க மாட்டியிருந்தீங்க?"

"காலுறைக்குள்ள."

"யார் குடுத்தது?"

"அக்கா. நாங்க பேசிக்கிறதில்ல."

"நீங்க பேசுறதில்ல. அவங்க பேசிட்டாங்க."

லத்தீன் தேர்விலும் இவள் இப்படிச் சுருக்கமாக எழுதியிருந்தால் பாஸ் போட்டிருப்பேன்.

இப்போது அடுப்பு மூட்டத் தடை. ஆகவே, கிறிஸ்துமஸுக்கு வரட்டுமா என்று நீ கேட்ட அட்டைக்கும் இதிலேயே பதில்: வர வேண்டாம். வீடு குளிர்கிறது. அலாரத்தையும் இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். உன் வீட்டில் எல்லாரும் கதகதப்பாக இருக்க வேண்டுகிறேன்.

நீ சொன்னபடி சாகாத உன் தம்பி,
டோர்கெய்ர்

பி.கு.: ஒரு வாரமாக இதைத் தபாலில் போடவில்லை. கடைசியில் டோர்கர்தான் கூரையேறி ஏணியைச் சரிசெய்தான். டூரிட் புகைபோக்கிக்குள் சங்கிலி விட்டுச் சுரண்டி மூன்று வாளி கரி எடுத்தாள், தடை நீங்கியது. இரண்டு வருடம் காய்ந்த பிர்ச் விறகு வந்து இறங்கியிருக்கிறது. உன் பழைய அறையில் படுக்கை விரித்தாயிற்று. வா. இத்துடன் அலாரத்தைத் தேடாதே, இங்கேயே சுவரில் மாட்டிவிட்டேன். மாதம் ஒருமுறை பொத்தானை அழுத்திச் சோதிக்க வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. நான் தினமும் அழுத்துகிறேன்.