விண்கலத்தின் கீழ்ப்பாகம்

அண்டசராசரத்தில் ஒரு கிரகம் முழுவதையும் இடுப்பில் தாங்கியவர் என்று பார்த்தால், தச்சர் ஒருவரைத்தான் சொல்ல முடியும். முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னால், அந்த மகத்தான விண்வெளிப் படத்தில் கிரகம் அதிர வேண்டியிருந்தது. தச்சரும் இன்னும் மூன்று பேரும் கிரகமாகப் போட்ட பலகைக்கடியில் குனிந்து நின்று, முதுகால் முட்டி முட்டி அதிரவைத்தார்கள். மேலே கதாநாயகர் நின்றார். அவர் நல்ல சாப்பாட்டுக்காரர். கிரகம் அன்றே ஓய்ந்துவிட்டது. தச்சரின் இடுப்பு வலி இன்னும் ஓயவில்லை.

அந்த இடுப்பைப் பிடித்துக்கொண்டு அவர் சட்டை மாட்டியபோது மனைவி வாசலை மறித்தாள்.

"பாராட்டு விழாவுக்குப் போறீங்க, சரி. என் குக்கர் மூடி இல்லாம வீட்டுப் படி ஏறாதீங்க."

அந்தப் படத்தில் பறந்த விண்கலம் அவளுடைய குக்கர் மூடி. ஆறு மாதம் செங்கல் சுமந்து வாங்கிய குக்கர். 'ஒரு நாள் இரவல்' என்று தச்சர் மூடியை எடுத்துப்போனார். அந்த நாள் இன்னும் முடியவில்லை. குக்கரின் அடிப்பாகத்தைத் தட்டால் மூடி, தட்டின் மேல் கல்லை வைத்து, அவள் சோறாக்கிக்கொண்டிருந்தாள்.

விழாவை நடத்தியது 'திரைத் தொன்மைப் பாதுகாப்புக் கழகம்'. தலைவர் ஒன்றேகால் மணி நேரம் பேசினார். படத்தில் விண்கலம் இரண்டு தடவை கிளம்புகிறது. ஒரு தடவைகூட இறங்கவில்லை. ஆனாலும் அடுத்த காட்சியில் கதாநாயகர் கிரகத்தில் நிற்கிறார். இதைக் 'குறை' என்று விவரம் தெரியாதவர்கள் சொல்வதுண்டு.

"இறங்காமைதான் இப்படத்தின் தத்துவம்!" என்றார் தலைவர். "இதோ, அன்றைய கலைஞர் வந்திருக்கார். நீங்களே சொல்லுங்க பெரியவரே, ஏன் இறங்கலை?"

தச்சர் மைக்கைப் பிடித்தார். "அன்னிக்கு மத்தியானச் சாப்பாடு வரலைங்க. நாங்க நாலு பேரும் கிரகத்தைக் கீழே வெச்சுட்டு டீக்கடைக்குப் போயிட்டோம். இறங்குறதுக்குக் கிரகம் இல்ல."

அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, 'கிரகமின்மை' என்று குறித்துக்கொண்டார்.

மூடி கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. 'விண்கலம். தொடாதீர்.'

"தலைவரே, இது எங்க வீட்டு மூடி. கைப்பிடியைப் பாருங்க, ஒரு திருகு மட்டும் மரத்துக்குப் போடுற திருகு. நான் முறுக்குனது."

"அது வேற்றுலகத் தொழில்நுட்பம்னு எங்க விழா மலர்ல ரெண்டு பக்கம் போட்டிருக்கோமே!"

"வீட்ல அரிசி வேகணுங்க."

கழகத்துக்கு விதி உண்டு. உரிமை கோருபவர் கீழ்ப்பாகத்தைக் கொண்டுவந்து, நிபுணர் குழு முன்னிலையில் பொருத்திக் காட்ட வேண்டும்.

மறுநாள் காலையில் புருஷனும் பெண்சாதியும் குக்கரோடு வந்தார்கள். பெட்டி திறந்தது. குழு மூச்சைப் பிடித்துக்கொண்டது. அவள் மூடியை வைத்து ஒரு திருப்புத் திருப்பினாள். கச்சிதமாக உட்கார்ந்தது.

"இறங்கிருச்சு!" என்று அலறினார் தலைவர்.

குழு அங்கேயே ஒருமனதாகத் தீர்மானம் போட்டது: விண்கலத்தின் தொலைந்த கீழ்ப்பாகம் கண்டெடுக்கப்பட்டது, இரண்டையும் பிரிப்பது கலைக்குச் செய்யும் துரோகம். குக்கர் முழுசாக உள்ளே போனது. பெட்டி பூட்டப்பட்டது.

"யோவ், அதுல சோறாக்கணும்யா!"

"இனிமே அது வரலாறும்மா."

"என்ன வரலாறு? அடியில பாரு, முந்தாநாள் அடிபிடிச்ச கறை இன்னும் போகல!"

"வளிமண்டலத்தில் எரிந்த தடம்," என்று தலைவர் பயபக்தியோடு எழுதிக்கொண்டார்.

அவளுக்கு ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். பேர் எழுத அதில் கோடு விட்டிருந்தது. பேரை யாரும் கேட்கவில்லை.

"சொல்லுங்க," என்றாள் தச்சரிடம், படியிறங்கும்போது. "இன்னிக்குச் சோத்தை எதுல ஆக்குறது? இந்தக் காகிதத்துலயா?"

தச்சர் இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

கலை வாழ்கிறது, நீடூழி வாழும். அது இன்னும் தர வேண்டிய பாக்கி: ஒரு மூடி, ஒரு குக்கர், நாலு பேருக்கு அன்றைய மத்தியானச் சாப்பாடு.